இயந்திரக் கையும் அதன் பிடியும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நெல்லையும் நிலக்கடலையையும் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியன் தொழிற்சாலை இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணம் இரண்டு உண்டு. உங்களில் பலருடைய பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடத்திலும் ஓசூரிலும் கோவையிலும் இயந்திரக் கைகளுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம், ‘என்னப்பா வேலை?’ என்று கேட்டால், ‘ரோபோவில் கிரிப்பர் மாற்றுகிறேன்’ என்பான். அது என்ன என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை. இரண்டாவது காரணம் நம் தொழிலைச் சேர்ந்தது. தொழிற்சாலையில் இரும்புத் துண்டைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட அந்தக் கை, இப்போது முட்டையையும் நாற்றையும் தக்காளியையும் பிடிக்கக் கற்றுக்கொண்டு வருகிறது. அது நம்மிடம் வரும்போது நம் விளைபொருளிடம் என்ன எதிர்பார்க்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

கை வேறு, பிடி வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரோபோ என்றதும் தலையும் காலும் உள்ள இரும்பு மனிதனை நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் இருப்பது தோள், முழங்கை, மணிக்கட்டு போல மடங்கும் ஒரு கை மட்டுமே. அதை விலைக்கு வாங்கினால், மணிக்கட்டோடு முடிந்து ஒரு வட்டத் தகட்டுடன் வரும். உள்ளங்கையும் விரலும் இருக்காது. என்ன பொருளைத் தூக்க வேண்டுமோ அதற்கேற்ற பிடிகருவியைத் தனியாக வாங்கி, அல்லது பட்டறையில் செய்து, அந்தத் தகட்டில் மாட்ட வேண்டும். இதைத்தான் தொழிலாளர்கள் கிரிப்பர் என்கிறார்கள்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. டிராக்டர் மட்டும் வந்து நின்றால் உழவு நடக்குமா? கொக்கிக் கலப்பையோ சட்டிக் கலப்பையோ ரோட்டவேட்டரோ பின்னால் மாட்டினால்தான் வேலை. ஹாரி பெர்குசன் வடிவமைத்த மூன்று முனை இணைப்பு 1939-இல் ஃபோர்டு டிராக்டரில் வந்தது. இன்று எந்த நிறுவனத்தின் கலப்பையையும் எந்த நிறுவனத்தின் டிராக்டரிலும் மாட்ட முடிவதற்கு, அந்த இணைப்பு பொது அளவாக ஆனதே காரணம். ரோபோவின் மணிக்கட்டுத் தகட்டுக்கும் அப்படி ஒரு பொது அளவு உண்டு. ஐ.எஸ்.ஓ. 9409 என்ற உலகத் தர அளவு, தகட்டின் விட்டத்தையும் திருகு ஓட்டைகளின் இடைவெளியையும் வரையறுக்கிறது. ஆகவே ஒரு நிறுவனத்தின் கையில் இன்னொரு நிறுவனத்தின் பிடியை மாட்டலாம். சில இடங்களில் கை தானே போய் ஒரு பிடியைத் தாங்கியில் வைத்துவிட்டு, அடுத்த பிடியைக் கவ்விக்கொண்டு வருவதும் உண்டு.

இந்தக் கைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் டெவால் என்பவர் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1961-இல் அது கிடைத்தது. ஜோசப் எங்கல்பெர்கர் அவருடன் சேர்ந்து அதைத் தொழிலாக்கினார். அதே 1961-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ‘யூனிமேட்’ என்ற முதல் கை வேலைக்கு நின்றது. சூடாக வெளிவரும் வார்ப்புகளை அச்சிலிருந்து எடுத்து வைப்பதே அதன் வேலை. மனிதர் செய்தால் கை வெந்துபோகும் வேலை என்பதால் முதலில் அங்கே அது நுழைந்தது. அதற்கிருந்தது இடுக்கி போன்ற ஒரு பிடிதான். நம் கொல்லர் உலையிலிருந்து கொழுவை எடுக்கும் குறட்டுக்கும் அதற்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை.

எவ்வளவு அழுத்த வேண்டும்?

நமக்குப் பழக்கமான ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். உங்கள் கிணற்றுப் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர். வார்ப்பாக வரும் அதைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டி, நடுத்துளையையும் விளிம்பையும் கடைந்து, வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் இதையே செய்யும் வேலையை இயந்திரக் கைக்கு விடுகிறார்கள்.

இம்பெல்லரின் எடை 1 கிலோ என்று கொள்வோம். இரண்டு விரல்கள் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கின்றன. அது நழுவாமல் இருப்பது உராய்வினால்தான். உலர்ந்த இரும்பின்மேல் இரும்பு என்றால் அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் உராய்வாகக் கிடைக்கும் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு விரலும் அரைக் கிலோவைத் தாங்க வேண்டும். எனவே ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ விசையுடன் அழுத்த வேண்டும். இது கை அசையாமல் நின்றால் மட்டுமே போதும். கிணற்றில் வாளியை மெல்ல இழுப்பதற்கும் சுண்டி இழுப்பதற்கும் கயிறு கையை அறுப்பதில் எவ்வளவு வேறுபாடு! கை விரைந்து மேலெழும்போது அந்த 1 கிலோ, 2 கிலோ போல நடந்துகொள்ளும். ஆகவே அழுத்தம் இரண்டு மடங்காக, 5 கிலோ ஆக வேண்டும். கடைசல் எண்ணெய் பட்டு வழவழப்பாகிவிட்டால் உராய்வு பாதியாகக் குறையும். அப்போது 10 கிலோ. விரலின் உட்புறம் ரப்பர் ஒட்டினால் உராய்வு கூடி, 2 கிலோ அழுத்தமே போதும் என்றாகலாம். ஆனால் எண்ணெயும் இரும்புச் சீவலும் சேர்ந்தால் ரப்பர் விரைவில் கிழியும்.

இப்படி ஒரு சிறு வேலையிலேயே எத்தனை யோசனை! வட்டமான பொருளுக்கு இரண்டு விரலைவிட மூன்று விரல் நன்று. அப்போது பொருள் தானே நடுவில் வந்து நிற்கும். கடையாத வார்ப்பை வெளிப்புறத்தில் பிடிக்கலாம். கடைந்து முடித்த பின் அங்கே பிடித்தால் கீறல் விழும்; ஆகவே நடுத்துளைக்குள் விரலை நுழைத்து வெளிநோக்கி விரித்துப் பிடிக்க வேண்டும், அல்லது அலுமினியம் போன்ற மென்மையான உலோகத்தில் விரல் செய்ய வேண்டும். பல இடங்களில் ஒரே மணிக்கட்டில் இரண்டு பிடிகள் இருக்கும். ஒன்று கடைந்ததை வெளியே எடுத்த உடனே, மணிக்கட்டு திரும்பி மற்றொன்று கடையாததை உள்ளே வைத்துவிடும். கை ஒருமுறை போய்வரும் நேரம் மிச்சம்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். நம் ஊரில் அது முதல் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். காற்றழுத்தத்தால் மூடும் விரலென்றால், அழுத்தம் விட்டதும் பொருள் கீழே விழும். இதைத் தவிர்க்க, விரலை மூடியே வைத்திருக்கும் சுருள்வில்லை உள்ளே வைக்கிறார்கள். திறப்பதற்கு மட்டும் காற்று. காந்தத்தால் பிடிக்கும் கருவிகளிலும் இதே முன்னெச்சரிக்கை உண்டு. மின்சாரம் இருக்கும்வரை மட்டும் காந்தமாக இருப்பதற்குப் பதிலாக, நிலைக்காந்தத்தை வைத்து, விடுவிக்கும்போது மட்டும் மின்சாரம் செலவாகுமாறு அமைக்கிறார்கள். ஆனாலும் தூக்கிய பொருளுக்குக் கீழே நிற்கக் கூடாது என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிவையுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் வீட்டார் சொன்னால் நினைவில் நிற்கும்.

உறிஞ்சிப் பிடித்தல்

விரலே இல்லாமல் பிடிப்பதும் உண்டு. கண்ணாடி, தகடு, அட்டைப்பெட்டி, பிஸ்கட் பொட்டலம் போன்றவற்றின் மேல் ஒரு ரப்பர்க் கிண்ணத்தை வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால், அது ஒட்டிக்கொண்டு மேலே வரும். தொழிற்சாலைகளில் விரல் பிடிக்கு அடுத்தபடி அதிகம் காணப்படுவது இதுதான். நம் உழவர்களுக்கு மிக எளிதில் விளங்கக்கூடியதும் இதுவே என்பது என் எண்ணம்.

ஏனென்றால் கிணற்று மேட்டில் நீங்கள் நாள்தோறும் பார்ப்பது இதே வேலைதான். பம்பு தண்ணீரை ‘இழுக்கிறது’ என்கிறோம். உண்மையில் பம்பு குழாயில் உள்ள காற்றைத்தான் அகற்றுகிறது. கிணற்று நீரின்மேல் அழுத்தும் வெளிக்காற்றே நீரை மேலே தள்ளுகிறது. அந்த வெளிக்காற்றின் வலிமை ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ. அதனால்தான் முழு வெற்றிடமே ஏற்பட்டாலும் உறிஞ்சு குழாயில் நீர் 10 மீட்டர் அளவுக்கு மேல் ஏறாது. நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே பம்பு திணறும்.

அதே காற்று இங்கே கிண்ணத்தைப் பொருளோடு சேர்த்து அழுத்துகிறது. 5 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர செ.மீ. உள்ளே 60 சதவீத வெற்றிடம் ஏற்படுத்தினால் 12 கிலோ விசை கிடைக்கும். ஆனால் 12 கிலோ பொருளைத் தூக்கத் துணிய மாட்டார்கள். படுக்கையாக உள்ள பொருளை மேலிருந்து தூக்கினால் பாதியாக 6 கிலோ என்றும், பொருளின் பக்கவாட்டில் ஒட்டித் தூக்கினால் கால் பங்காக 3 கிலோ என்றும் வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் எடை இருந்தால் கிண்ணத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது நான்கைந்து கிண்ணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும்.

வெற்றிடத்தை உண்டாக்கும் முறையும் உங்களுக்குப் பழக்கமானதே. சொட்டுநீர்ப் பாசனத்தில் உரக்கரைசலை உறிஞ்சச் சேர்க்கிறோமே, வென்சுரி! குழாய் குறுகும் இடத்தில் நீர் விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, பக்கக் குழாய் வழியாக உரக்கரைசல் உள்ளே வருகிறது. தொழிற்சாலையில் நீருக்குப் பதில் அழுத்தப்பட்ட காற்று ஓடுகிறது. பக்கக் குழாயில் உரத்தொட்டிக்குப் பதில் ரப்பர்க் கிண்ணம் இருக்கிறது. அவ்வளவே.

நோயும் ஒன்றுதான். உறிஞ்சு குழாயில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தால் பம்பு நீரைக் கைவிட்டுவிடும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்தாலும், பொருளின் மேல் தூசி படிந்தாலும், சொரசொரப்பாக இருந்தாலும் அதே கதி. சணல் சாக்கு இந்தப் பிடிக்கு எளிதில் அகப்படுவதில்லை. நெசவின் கண்களின் வழியே காற்று போய்க்கொண்டே இருக்கும். ஆகவே மூட்டைகளை அடுக்கும் இயந்திரக் கைகளில் வேறு வகைப் பிடி மாட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் வைக்கோல் வாரும் முள்கருவி போன்ற வளைந்த பற்கள். அவை மூட்டையின் அடியில் நுழைந்து ஏந்திக்கொள்ளும். மூட்டை உருளைகள்மேல் கிடந்தால்தான் பற்கள் இடையில் நுழைய இடம் கிடைக்கும். சுமைதூக்கும் தொழிலாளர்களின் முதுகு இதனால் தப்பும் என்பது மகிழ்ச்சியே. அவர்கள் கூலி என்னாகும் என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது; அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

உறிஞ்சிப் பிடிப்பது உணவுப் பொருளிலும் வெகுகாலமாக இருக்கிறது. குஞ்சு பொரிப்பகங்களில் தட்டு நிறைய முட்டைகளை ஒரே வீச்சில் தூக்கி மாற்றும் கருவியைக் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் பார்த்திருக்கலாம். ஒரு முட்டைக்கு ஒரு மென்மையான ரப்பர்க் கிண்ணம். கீறல் விழுந்த முட்டை அதில் சரியாக ஒட்டாமல் போவதும் உண்டு.

மெத்தென்ற விரல்கள்

இரும்பு விரலுக்குப் பொருளின் உருவம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தக்காளி அப்படியா? ஒரே செடியில் ஒரு பழம் 50 கிராம், மற்றொன்று 90 கிராம். ஒன்று உருண்டை, ஒன்று சப்பை. இதற்குப் பல வழிகளைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது காப்பித்தூள் பிடி. 2010-இல் அமெரிக்காவில் சிகாகோ, கார்னெல் பல்கலைக்கழகத்தாரும் ஐரோபாட் நிறுவனத்தாரும் சேர்ந்து வெளியிட்டது. ஒரு ரப்பர் பலூனில் அரைத்த காப்பித்தூளை நிரப்பி, கையின் நுனியில் கட்டினார்கள். பொருளின்மேல் அதை அழுத்தினால் தூள் நகர்ந்து, பலூன் பொருளைச் சுற்றிப் படியும். உடனே உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் தூளெல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக் கல்லாகிவிடும். பொருள் அதில் அகப்பட்டுக்கொள்ளும். காற்றை விட்டால் மீண்டும் தூள். காற்று நீக்கிய பொட்டலத்தில் காப்பித்தூள் செங்கல் போல இறுகியிருப்பதும், ஓரத்தைக் கத்தரித்ததும் பொலபொலவென்று ஆவதும் உங்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடியதுதான். விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி இப்படி ஒரு பிடியைச் செய்தார்களே என்று நான் வியந்ததுண்டு.

இரண்டாவது காற்றடைத்த விரல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் அவர்களின் ஆய்வுக்கூடத்தார், உள்ளே சிறுசிறு அறைகள் கொண்ட ரப்பர் விரல்களைச் செய்து, 2011-இல் வேகாத முட்டையை உடையாமல் தூக்கிக் காட்டினார்கள். சைக்கிள் டியூபின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒட்டுப்போட்டுக் காற்றடித்தால், ஒட்டில்லாத பக்கம் புடைத்து நீண்டு, டியூப் ஒட்டுப் பக்கமாக வளையும் அல்லவா? அதே தத்துவம்தான். காற்றைக் கூட்டினால் விரல் மடங்கும், குறைத்தால் நிமிரும். பழத்தை நசுக்கும் அளவுக்கு அதற்கு வலிமையே கிடையாது என்பதுதான் அதன் சிறப்பு.

மூன்றாவது மீன்வால் விரல். மீனின் வால் துடுப்பை ஒரு பக்கம் விரலால் தள்ளினால், அது விலகிப்போகாமல் தள்ளும் விரலை நோக்கியே வளைவதை ஜெர்மனியைச் சேர்ந்த லைஃப் நீசே என்பவர் கவனித்தார். அந்த அமைப்பில், இடையிடையே குறுக்குச் சட்டம் வைத்த முக்கோண விரல்களை ஃபெஸ்டோ என்ற ஜெர்மன் நிறுவனம் செய்தது. பழம் தொட்ட இடத்தில் விரல் தானே வளைந்து பழத்தைத் தழுவிக்கொள்ளும்.

இத்தனை இருந்தும், காய் பறிக்கும் ஒரு பெண்மணியின் விரலுக்கு இவை ஈடாகவில்லை. அவர் விரல் பிடிப்பதோடு நிற்பதில்லை. பழம் கனிந்ததா என்று பார்க்கிறது. நழுவத் தொடங்கியதும் உணர்ந்து சற்றே இறுக்குகிறது. காம்பின் கணுவில் ஒரு திருகு திருகி எடுக்கிறது. இலை மறைத்தால் ஒதுக்குகிறது. இவ்வளவையும் கண் வேறெங்கோ பார்த்திருக்க, வாய் பேசிக்கொண்டிருக்கச் செய்கிறது.

பொருளைத் திருத்தும் கை

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன்.

தொழிற்சாலையில் இயந்திரக் கை வெற்றி பெற்றதற்குக் கையின் திறமை மட்டும் காரணமன்று. பொருளைக் கைக்கு ஏற்றபடி முன்பே ஒழுங்குபடுத்திவிடுகிறார்கள். சிறு திருகுகளை அதிரும் கிண்ணத்தில் கொட்டுவார்கள். அவை சுற்றுப்பாதையில் ஏறும். குறுக்கே கிடப்பவை விழுந்துவிடும். தலை மேலாக நிற்பவை மட்டும் வரிசையாக வெளியே வரும். முறத்தில் புடைக்கும்போது கல் ஒருபுறமும் அரிசி ஒருபுறமும் ஒதுங்குவது போன்ற வேலை. ஒரே அளவு, ஒரே இடம், ஒரே திசை: இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் எளிய இடுக்கிகூடப் போதும்.

வயலில் இந்த மூன்றும் இல்லை. அப்போது என்ன நடக்கிறது? நெதர்லாந்தில் ஒரு பசுமைக்குடிலில் குடைமிளகாய் பறிக்கும் ‘ஸ்வீப்பர்’ என்ற இயந்திரக் கையை 2018-இல் சோதித்தார்கள். அதன் பிடி காயைக் கவ்வுவதில்லை. அதிரும் கத்தியால் காம்பை அறுத்து, கீழே விரித்த மென்மையான விரல்களில் காயை ஏந்திக்கொள்ளும். 262 காய்களில் சோதனை. ஒரு காய்க்குச் சராசரி 24 விநாடி ஆயிற்று. வழக்கமான முறையில் வளர்ந்த பயிரில் 18 சதவீதக் காய்களையே அதனால் பறிக்க முடிந்தது. கொத்தாய் நெருங்கிய காய்களையும் மறைக்கும் இலைகளையும் நீக்கிப் பயிரைத் திருத்திக் கொடுத்தபோது 61 சதவீதம். கை அதே கைதான், மாறியது பயிர்!

ஆகவே கையைச் செய்பவர்கள் பயிரை மாற்றச் சொல்வார்கள். இது இன்று நேற்று தொடங்கியதல்ல. கலிபோர்னியாவில் 1940களிலேயே ஜாக் ஹன்னா என்ற காய்கறி வல்லுநர், இயந்திரம் தாங்கும் தக்காளியை உருவாக்க முனைந்தார். தோல் கெட்டியாக, பழமெல்லாம் ஒரே சமயத்தில் பழுப்பதாக, உதறினால் உதிர்வதாக இருக்க வேண்டும். கோபி லோரன்சன் என்ற பொறியாளர் இயந்திரத்தைச் செய்தார். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தவர். மெக்சிகோ கூலித் தொழிலாளர்களைத் தருவித்து வந்த திட்டம் 1964-இல் முடிந்ததும் இயந்திரம் காட்டுத்தீப்போல் பரவியது. 1964-இல் ஆலைத் தக்காளியில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே இயந்திரம் அறுவடை செய்தது. 1968-இல் 95 சதவீதம். சாஸுக்கும் கூழுக்கும் ஏற்ற, கெட்டியான அந்தப் பழங்கள் நன்றாகவே விற்றன. ஆனால் இயந்திரத்தின் விலை பெரும் பண்ணைக்கே கட்டுப்படியாயிற்று. 1960களின் தொடக்கத்தில் அங்கே ஏறக்குறைய 4000 தக்காளி விவசாயிகள் இருந்தார்கள். 1973-இல் ஏறக்குறைய 600 பேர். பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி பெரியவர்களுக்கே பயன்பட்டது என்று 1979-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின்மேல் வழக்கே தொடர்ந்தார்கள். பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கும் எனக்கு இந்த வழக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

பால் கறக்கும் ரோபோவிலும் இதே கதைதான். நெதர்லாந்தில் 1992-இல் விற்பனைக்கு வந்த அது, காம்புகளைத் தேடிக் கிண்ணங்களைத் தானே மாட்டும். காம்புகள் கோணல்மாணலாகவோ மிக நெருக்கமாகவோ உள்ள பசு அதற்கு ஒத்துவராது. அத்தகைய பண்ணைகளில் மடியின் அமைப்பைப் பார்த்துப் பசுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்த அல்ல. தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடங்களில் இந்தக் கைகள் வந்தால், கலவையான அளவுள்ள சரக்கு பின்வரிசைக்குப் போகும். ஒரே இரகத்தை ஊரில் பலர் சேர்ந்து பயிரிட்டு, வயலிலேயே அளவு பிரித்து, தங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாக அனுப்பினால், 2 ஏக்கர்க்காரரின் சரக்கும் 200 ஏக்கர்க்காரரின் சரக்கும் அந்தக் கைக்கு ஒன்றுதான். அதற்குப் பெயர் படிக்கத் தெரியாது. கருவி வாங்குவதானாலும் தனி ஒருவர் கடன்பட்டு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாடகைக்கு எடுங்கள், அல்லது நிறுவனம் வாங்கட்டும். விற்க வருபவரிடம், ‘இது என்னென்ன பிடிக்கும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எதை எதைப் பிடிக்காது? விரல் தேய்ந்தால் மாற்று விரல் எத்தனை நாளில் வரும், யார் மாட்டுவார்?’ என்று கேளுங்கள்.

நம் வயலுக்கு வந்துவிட்ட விரல்

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று தள்ள முடியாதபடி, ஓர் இயந்திர விரல் நம் வயலில் ஏற்கெனவே இறங்கிவிட்டது. நெல் நடவு இயந்திரத்தின் நடவு விரலைத்தான் சொல்கிறேன். அது ரோபோ அல்ல. கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. பாய் போல வளர்ந்த நாற்றில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி, சேற்றில் இறக்கி, தள்ளிவிட்டு மேலே வரும். அது நாற்றை எண்ணுவதில்லை, பாயைத்தான் கிள்ளுகிறது. கிள்ளிய துண்டில் நாற்று இருந்தால் நடும், இல்லாவிட்டால் வெறும் மண்ணை நடும். ‘இயந்திரம் சரியாக நடவில்லை, குத்து விட்டுப்போகிறது’ என்று சொல்லும்போது, பெரும்பாலும் பழி நாற்றங்காலையே சேரும்.

ஆகவே விரலுக்கேற்ற பாய் நாற்றங்காலைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். மண்ணைச் சலித்தே இட வேண்டும். சிறு கல் இருந்தாலும் விரல் வளையும் அல்லது முறியும். மண்ணின் கனம் ஏறக்குறைய 2 செ.மீ. எங்கும் ஒரே சீராக இருக்கட்டும். கனம் மாறினால் விரல் ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் கிள்ளும். முளைகட்டிய விதையைத் தூவும்போது ஒருமுறையில் கொட்டாமல், பாதியை நீளவாக்கிலும் மறுபாதியைக் குறுக்குவாக்கிலும் தூவினால் வெற்றிடம் விழாது. 14 முதல் 18 நாளில், வேர்கள் பின்னிப் பாயாகியிருக்க வேண்டும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கிழியாமல் பாய் போலவே வந்தால் சரி. கிழிந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுங்கள். நடுவதற்கு முன் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பாய் மிக ஈரமாக இருந்தால் தட்டில் குவிந்து சரியும். மிக உலர்ந்தால் வழுக்கி இறங்காது.

குழித்தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டு நாற்றுப் பண்ணைகளில் நாற்றைத் தட்டிலிருந்து எடுக்கும் பிடிக்கு விரல் இல்லை. சாய்வாக நுழையும் ஊசிகள் வேர்க்கட்டியைக் குத்தி எடுக்கின்றன. வேர் நிறையாத கட்டி ஊசியிலும் நிற்காது, நம் கையிலும் நிற்காது. தென்னை நார்க்கழிவு பொலபொலவென்று உதிர்ந்தால் நாற்று இன்னும் தயாராகவில்லை என்று அறியலாம்.

நடவு வயலைப் பொறுத்தவரை, சேற்றுழவு முடிந்த உடனே இயந்திரத்தை இறக்க வேண்டாம். மணற்பாங்கான நிலத்தில் ஒரு நாளும், களிமண்ணில் இரண்டு மூன்று நாளும் மண் படியட்டும். படிந்ததா என்று அறிய, சேற்றில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் பொறுக்க வேண்டும். மெல்ல மெல்ல மூடினால் நடலாம். மூடாமல் அப்படியே நின்றால் மண் இறுகிவிட்டது. விரல் தள்ளிவிடும் நாற்று நிற்காமல் மேலே மிதக்கும். அப்போது சிறிது தண்ணீர் கட்டி, இலேசாக ஒருமுறை பரம்படித்த பிறகு நடுங்கள்.